இயற்பியல் தேர்வு: புத்தகத்தை மூடிப் படிப்போம்



ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள். கல்லூரிக் கட்டண உதவிக்கு விண்ணப்பத்துடன் வருபவர்கள் ஒரு வகை. வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் தலை குனிந்து நிற்பவர்கள் இன்னொரு வகை. அவர்களிடம் எந்தப் பாடத்தில் போயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "பிசிக்ஸ்" என்பதுதான்.

கடந்த ஆண்டு அப்படி வந்த ஒரு மாணவன் தன் இயற்பியல் புத்தகம் இரண்டு தொகுதிகளையும் கையோடு கொண்டு வந்திருந்தான். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகள். "நாலு தடவை முழுசாப் படிச்சேன் மாமா. எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரலை" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதை நான் நம்பினேன். சோம்பேறிப் பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.

புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். மின்னோட்டத்துக்கும் இழுப்புத் திசைவேகத்துக்கும் உள்ள தொடர்பைத் தருவிக்கச் சொன்னேன். தலைப்பை எழுதினான். கம்பியின் படத்தைப் பாதி வரைந்தான். அத்தோடு பேனா நின்றுவிட்டது. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டியதும், "இது எனக்குத் தெரியுமே!" என்றான்.

அவன் தோற்றதற்கான காரணம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பார்த்தால் தெரியும், பார்க்காமல் வராது. தேர்வு அறையிலோ புத்தகம் இருக்காது. அவனுக்குச் சொன்னதையே இன்னும் பல பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மனப்பாட மதரஸா கற்றுத் தருவது

நம் ஊரில் ஹிஃப்ளு ஓதும் பிள்ளைகளைப் பாருங்கள். காலையில் புதிய சபக் கொடுக்கிறார்கள். அதோடு விட்டுவிடுவதில்லை. முந்தைய நாட்களின் பாடத்தையும் உஸ்தாது கேட்கிறார். அதற்கும் முன்னால் முடித்த ஜுஸ்உகளை முறை வைத்துத் திரும்ப ஓத வைக்கிறார். ஓதும்போது முஸ்ஹஃபு பிள்ளையின் கையில் இருக்காது, உஸ்தாதின் கையில் இருக்கும். பிள்ளை தடுமாறும் இடத்தில் அவர் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. கொஞ்சம் யோசிக்க விடுகிறார். ரமலானுக்கு முன்னால் இரண்டு ஹாஃபிழ்கள் எதிரெதிரே உட்கார்ந்து தவ்ர் செய்வதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டி வைத்த ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு ஒப்பிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கவனித்துக்கொண்டே இருந்தால் ஒட்டகம் நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும் என்பது அதன் கருத்து. மனத்தில் ஏற்றிய எதற்கும் இந்த உவமை பொருந்தும்.

இன்றைய ஆய்வும் இதையே சொல்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு அதை ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 40 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடு இருந்தது.

திரும்பத் திரும்பப் படிப்பது நமக்கு ஏன் பிடித்திருக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். படித்து முடித்த அந்த நேரத்தில் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்காது. மூடி வைத்து எழுதுவது கசக்கும், தடுமாற வைக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் மனத்தில் பதிகிறது.

முதலில் வினாத்தாளை அறிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டோம் என்று எழுத்துத் தேர்வை விட்டுவிட முடியாது.

எழுத்துத் தேர்வு நான்கு பகுதிகளாக இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் 9-இல் 6. மூன்று மதிப்பெண் வினாக்கள் 9-இல் 6. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5, ஒவ்வொன்றிலும் 'அல்லது' என்று ஒரு மாற்று வினா உண்டு. 15, 12, 18, 25 ஆகமொத்தம் 70. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா கட்டாயம். அந்த வினா கணக்காகவே வருவது வழக்கம். எனவே "கணக்கை விட்டுவிடலாம்" என்று நினைக்கும் பிள்ளை உட்காரும் முன்பே 5 மதிப்பெண்ணை இழக்கிறது.

பாடங்கள் 11. நிலைமின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல், மின்காந்த அலைகள் ஆகிய 5 முதல் தொகுதியில் வருகின்றன. கதிர் ஒளியியல், அலை ஒளியியல், இருமைப் பண்பு, அணு மற்றும் அணுக்கரு இயற்பியல், எலக்ட்ரானியல், அண்மைக்கால வளர்ச்சிகள் ஆகிய 6 இரண்டாம் தொகுதியில் வருகின்றன. ஒரு தாளில் 11 பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பார்க்காமல் எழுத வரும், பாதி வரும், வராது. பொய் சொல்லக்கூடாது. அந்தத் தாளை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. மீள்பார்வையை 'வராது' என்பதிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த பாடத்தையே மறுபடி படித்து மகிழ்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மதிப்பெண் இருப்பது மற்ற இடத்தில்.

தருவித்தலை மனப்பாடம் செய்யாதீர்கள், வழியைப் பிடியுங்கள்

ஐந்து மதிப்பெண் வினாக்களில் பெரும்பாலானவை 'தருவி' என்று கேட்பவை. வரிக்கு வரி நெட்டுருப் போட்டால் நடுவில் ஒரு வரி மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும். அந்த மாணவனுக்கு நடந்தது இதுதான்.

அவன் எழுத முடியாமல் விட்டதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பியில் எலக்ட்ரான்கள் ஒரு சராசரி வேகத்தில் நகர்கின்றன. ஒரு சிறு நேரத்தில் அவை எவ்வளவு தூரம் நகரும்? வேகம் பெருக்கல் நேரம். அந்தத் தூரத்தைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் கன அளவு வரும். அதை ஒரு கனமீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த எலக்ட்ரான்கள். அதை ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் மொத்த மின்னூட்டம். நேரத்தால் வகுத்தால் மின்னோட்டம். தூரம், கன அளவு, எண்ணிக்கை, மின்னூட்டம், மின்னோட்டம் என்ற ஐந்து படிகளும் நினைவில் இருந்தால் போதும். சமன்பாடு தானாக வந்து நிற்கும்.

ஒவ்வொரு தருவித்தலுக்கும் இப்படி ஐந்தாறு படிகளைத் தனி நோட்டில் சொற்களாக எழுதுங்கள். படத்தையும் அதில் வரையுங்கள். பிறகு நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் முழுதாகத் தருவியுங்கள். நின்றால் உடனே திறக்காதீர்கள். இரண்டு நிமிடம் யோசியுங்கள். அப்புறம் திறந்து, விட்ட இடத்தை மட்டும் பார்த்து, மூடிவிட்டுத் தொடருங்கள். உஸ்தாது செய்வதை உங்களுக்கு நீங்களே செய்கிறீர்கள்.

கணக்கில் பிழை எங்கே நுழைகிறது?

நம் பிள்ளைகளின் மாதிரித் தேர்வுத் தாள்களைப் பார்த்தால், சூத்திரம் தெரியாமல் தவறியதைவிட அலகிலும் குறியிலும் தவறியதே அதிகமாகக் கண்ணில் படுகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

ஒன்று. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1.6 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. ஒரு கனமீட்டரில் 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். இழுப்புத் திசைவேகம் என்ன? எண்ணிக்கை, பரப்பு, மின்னூட்டம் மூன்றையும் பெருக்கினால் 13.6 × 10³. மின்னோட்டத்தை அதனால் வகுத்தால், நொடிக்குச் சுமார் 1.18 × 10⁻⁴ மீட்டர். பல பிள்ளைகள் சதுர மில்லிமீட்டரை மீட்டருக்கு மாற்றும்போது 10⁻³ என்று போட்டுவிடுவார்கள். சரியானது 10⁻⁶. அந்த ஒரு பிழையால் விடை ஆயிரம் மடங்கு குறைந்துவிடும்.

இந்த விடையைச் சற்று யோசித்தும் பாருங்கள். இந்த வேகத்தில் ஓர் எலக்ட்ரான் ஒரு மீட்டர் நகர 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் பள்ளிவாசலில் சுவிட்சைப் போட்டதும் கடைசி விளக்குவரை உடனே எரிவது எப்படி? மின்புலம் கம்பி முழுவதும் ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகப் பரவுகிறது. எல்லா இடத்திலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. இப்படி விளங்கிப் படித்த கணக்கு மறக்காது.

இரண்டு. 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் ஒரு பொருள். பிம்பம் எங்கே? குறியீட்டு மரபுப்படி பொருளின் தொலைவு −30. குவியத் தூரம் +20. 1/20-இலிருந்து 1/30-ஐக் கழித்தால் 1/60. பிம்பம் மறுபக்கம் 60 செ.மீ. தொலைவில். உருப்பெருக்கம் −2, அதாவது இருமடங்கு பெரிய, தலைகீழான, மெய்ப் பிம்பம். குறியை மறந்தவருக்கு 12 செ.மீ. என்று வரும். ஆனால் பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கும்போது, குவிலென்சின் பிம்பம் குவியத் தூரத்துக்குள் விழவே முடியாது. அதை யோசித்தாலே தவறு பிடிபட்டுவிடும். விடை வந்ததும் "இது நடக்கக் கூடியதா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளப் பழகுங்கள்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது இப்னுல் ஹைஸம் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. பஸராவில் சுமார் 965-இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த அறிஞர், 'கிதாபுல் மனாளிர்' என்ற ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைக் காண்கிறது என்று முன்னோர் சிலர் எழுதியிருந்ததை அவர் அப்படியே ஏற்கவில்லை. இருட்டறையும் துளையும் விளக்கும் வைத்துச் சோதித்தார். பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். புத்தகத்தில் இருப்பதைச் சோதித்து அறிவது நமக்குப் புதிதல்ல. கதிர் ஒளியியலைத் திறக்கும்போது பிள்ளைகள் அந்த நினைவோடு திறக்கட்டும்.

மூன்று நோட்டுகள், ஆறு வாரங்கள்

மீள்பார்வைக்கு மூன்று நோட்டுகள் போதும். முதல் நோட்டில் சூத்திரங்கள், அவற்றில் வரும் ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன என்பவை. இரண்டாவதில் நான் சொன்ன தருவித்தல் படிகளும் படங்களும். மூன்றாவது தவறு நோட்டு. மாதிரித் தேர்விலும் பழைய வினாத்தாளிலும் செய்த ஒவ்வொரு பிழையையும், சரியான விடையையும், ஏன் தவறியது என்று ஒரு வரியும் அதில் எழுத வேண்டும். கடைசி இரண்டு நாட்களில் படிக்க இதைவிட நல்ல நோட்டு கிடையாது.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு வாரத்தில் வாரத்துக்கு மூன்று பாடமாக 11 பாடங்களையும் முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் புதுப் பாடத்தைத் தொடும் முன், முந்தைய நாள் படித்ததிலிருந்து ஒரு தருவித்தல், போன வாரம் படித்ததிலிருந்து ஒரு கணக்கு, இரண்டையும் பார்க்காமல் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அதை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். ஐந்தாம் வாரம் பழைய வினாத்தாள்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மணி நேரம் வைத்து முழுத் தாளும் எழுதுங்கள். மறுநாள் திருத்துங்கள். ஆறாம் வாரம் தவறு நோட்டும் 'பாதி வரும்' என்று குறித்த பாடங்களும்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு எழுத்தை மட்டும் நினைவில் வைப்பது ஆபத்து. விடை வரிசையை மாற்றிக் கொடுத்தால் போயிற்று. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லத் தெரிந்தால் அந்த வினா உங்களுடையது. பெருக்கல், வகுத்தலுக்கு மடக்கை அட்டவணையைக் கையாளவும் இப்போதே பழகுங்கள். வீட்டில் கைப்பேசியில் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வறையில் திணறக்கூடாது.

நேரக் கணக்கு இப்படி இருக்கலாம். ஒரு மதிப்பெண் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டு மதிப்பெண் பகுதிக்கு 30, மூன்று மதிப்பெண் பகுதிக்கு 50, ஐந்து மதிப்பெண் பகுதிக்கு 65. ஆகமொத்தம் 165. மீதி 15 நிமிடத்தில் அலகு, குறி, வினா எண் மூன்றையும் சரிபாருங்கள்.

நோன்பும் தேர்வும்

2025-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு முழுவதும் ரமலானுக்குள்ளேயே வந்தது. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் ரமலான் முன்னே நகர்வதால், மீள்பார்வைக் காலமும் செய்முறைத் தேர்வும் நோன்போடு சேர்ந்து வருவதை இன்னும் சில ஆண்டுகள் நாம் எதிர்பார்க்க வேண்டும்.

நோன்பு படிப்புக்குத் தடையல்ல. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் தடை. தராவீஹ் முடிந்து கைப்பேசியோடு உட்கார்ந்து, ஸஹர் வரை விழித்திருந்து, பஜ்ருக்குப் பின் தூங்கும் பழக்கம் தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஆகாது. படித்தது மனத்தில் நிலைக்கத் தூக்கம் வேண்டும். தராவீஹ் முடிந்ததும் படுத்துவிடட்டும். ஸஹர் உண்டு, பஜ்ரு தொழுதபின் வரும் இரண்டு மணி நேரம் தருவித்தலுக்கும் கணக்குக்கும் உகந்தது. ளுஹருக்குப் பின் சிறிது நேரம் தூங்கலாம். அஸருக்குப் பின் சோர்வு மிகும் நேரத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பார்க்கலாம். நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை தண்ணீரை மறக்க வேண்டாம். உடல்நலக் குறைவு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவரையும் பள்ளிவாசல் இமாமையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

"எனக்கு இங்கிலீசும் தெரியாது, பிசிக்சும் தெரியாது, நான் என்ன செய்ய?" என்று ஓர் உம்மா கேட்டார்கள். யாஸீன் சூராவைப் பிள்ளை மனனம் செய்தபோது நீங்கள்தானே கேட்டுத் திருத்தினீர்கள் என்றேன். அதேபோல் சூத்திர நோட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை பார்க்காமல் எழுதட்டும். நோட்டில் உள்ளதும் தாளில் உள்ளதும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. தினமும் கால் மணி நேரம் போதும்.

இன்னொன்றும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மகன் தேர்வு எழுதினால் கடைக்கு அனுப்புவதில்லை. மகள் தேர்வு எழுதினால் மட்டும் கஞ்சி காய்ச்சவும் பாத்திரம் கழுவவும் விருந்தாளிகளைக் கவனிக்கவும் அவளைத்தான் கூப்பிடுகிறோம். அந்த ஆறு வாரம் அவளுக்கும் விடுமுறை கொடுங்கள். நிச்சயம், திருமணப் பேச்சு எதுவாக இருந்தாலும் தேர்வு முடியட்டும். அந்த மதிப்பெண்தான் அவள் கல்லூரி வாசலை மிதிப்பாளா என்பதை முடிவு செய்கிறது. பலருக்கு அது ஒரே ஒரு வாய்ப்பு.

மகன்களைப் பொறுத்தவரை, ஒரு பாடத்தில் தோற்றதும் பாஸ்போர்ட் எடுக்க ஓட வேண்டாம். முடிவு வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு வருகிறது. அதற்கு உடனே விண்ணப்பியுங்கள்.

நான் முதலில் சொன்ன மாணவன் அப்படித்தான் விண்ணப்பித்தான். அறக்கட்டளையின் மாலை வகுப்பில் தினமும் ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தான். முதல் வாரம் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. எழுந்து போய்விடுவானோ என்று பயந்தேன். போகவில்லை. துணைத் தேர்வில் தேறினான், அல்ஹம்துலில்லாஹ். இப்போது பி.எஸ்சி. முதலாமாண்டு படிக்கிறான். மாலையில் தன் தம்பி வயதுப் பிள்ளைகளுக்கு அவனே தாளைக் கொடுத்துப் புத்தகத்தை மூடச் சொல்கிறான்.

ஒட்டகத்தைக் கட்டுவது நம் வேலை. பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவோம். தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், தெளிவான நினைவாற்றலையும், நல்ல முடிவையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்